ஒரு சாதாரணக் கொள்ளுத்தாத்தாவை ஆவணங்களில் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஜமீன்தார்களுக்கும் திவான்களுக்கும் வம்ச வரலாறு எழுத அவர்கள் காலத்திலேயே ஆள் இருந்தது. நான்கு ஏக்கர் மானாவாரியும் ஒரு சோடி உழவு மாடும் வைத்திருந்தவருக்கு அப்படி எவரும் இல்லை. ஆனாலும் அவரிடம் கிஸ்தி வாங்கிய கணக்குப்பிள்ளை, நிலத்தை அடமானம் பிடித்துக் கடன் கொடுத்தவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொண்ட வாத்தியார், தோட்ட வேலைக்குக் கப்பலேற்றிய ஏஜெண்டு என்று பலர் அவரவர் தேவைக்காக அவர் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே தேடத் தொடங்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அவரிடமிருந்து நிலவரியோ, வட்டியோ, உழைப்போ யாருக்குத் தேவைப்பட்டது? அந்தக் கேள்விக்கான விடைதான் எந்த அலுவலகத்தின் படியேற வேண்டும் என்பதைச் சொல்லும்.

இந்த வழிகாட்டி, ஏறத்தாழ 1870க்கும் 1920க்கும் இடையில் இன்றைய தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்த ஒருவரைத் தேடுபவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கும் சில பதிவேடுகள் உண்டு. உரிய இடத்தில் அவற்றையும் சொல்கிறேன். தொடக்கத்திலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுவது நல்லது. பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் வழி தவறும். ஊரையும், தந்தை பெயரையும், நிலத்தின் சர்வே எண்ணையும் பிடித்துக்கொண்டு தேடினால் பெரும்பாலும் ஆள் கிடைப்பார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அண்ணன் மகனும் தம்பி மகனும் ஒரே தாத்தாவின் பெயரைத் தாங்கி ஒரே தெருவில் வாழ்ந்திருப்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுவது தந்தை பெயரும் நிலமும் மட்டுமே.

முதல் படி: வீட்டிலிருக்கும் தாள்கள்

வெளியே போவதற்கு முன் வீட்டுப் பரணையும் தகரப்பெட்டியையும் இறக்குங்கள். உங்கள் வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் பங்காளி வீடுகளையும் கேளுங்கள். பழைய பத்திரங்கள் பொதுவாக மூத்தவர் வழியில்தான் தங்கியிருக்கும். தேட வேண்டியவை: நிலப் பத்திரங்கள், கிஸ்தி ரசீதுகள், ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், பள்ளிச் சான்றிதழ்கள், பழைய குடும்ப அட்டைகள், கடவுச்சீட்டுகள், படங்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள்.

இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது மொய் நோட்டு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, விசேஷத்தின் பெயரும் தேதியும் எழுதித் தொடங்கும் அந்த நோட்டில் பெரும்பாலும் தாய்மாமன் செய்முறைதான் முதலில் வரும். அதன் கீழே ஊர்ப் பெயரும், ஆளின் பெயரும், தொகையும் வரிசையாக வரும். 0–8–0 என்று இருந்தால் எட்டணா. ஒரு பாட்டியின் பிறந்த ஊர் எது என்று எவருக்கும் நினைவில்லாதபோது, அவருடைய மூத்த மகள் கல்யாணத்தின் மொய் நோட்டில் தாய்மாமன் என்று எழுதப்பட்டவரின் ஊரைப் பார்த்தால் போதும். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் மொய் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் கொள்வினை கொடுப்பினை எந்தத் திசையில் நடந்தது என்பதும் தெரிந்துவிடும். இதைவிட நேர்மையான உறவினர் பட்டியலை நான் கண்டதில்லை, ஏனென்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதில் எவரும் தவறாக எழுத மாட்டார்கள்.

ஜாதகமும் அதே அளவு பயன் தருவது. பிறந்த வருஷத்தின் பெயர், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், பிறந்த நாழிகை ஆகியவை அதில் இருக்கும். தலைப்பகுதி கிழிந்து வருஷம் தெரியாமல் போனாலும் ராசிக் கட்டம் மட்டும் தப்பியிருந்தால் போதும். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 30 ஆண்டுகளும், குரு ஒரு சுற்று வர ஏறத்தாழ 12 ஆண்டுகளும் ஆகும். இரண்டும் சேர்ந்து ஒரே ராசிகளில் மீண்டும் அமைய ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இரு கிரகங்களின் இடத்தை வைத்தே பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். சூரியன் இருக்கும் ராசி மாதத்தையும், சந்திரன் நாளையும் காட்டும்.

இறந்த தேதிக்கும் இதே போன்ற வழி ஒன்று உண்டு. திவசம் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கும் வீடுகளில் மாதம், பட்சம், திதி ஆகிய மூன்றும் நினைவில் இருக்கும். இறந்த ஆண்டு மட்டும் வேறு வழியில் தெரிந்துவிட்டால், அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் அந்தத் திதி விழும் நாளே அவர் இறந்த நாள்.

இரண்டாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

"அவர் எந்த வருஷம் பிறந்தார்?" என்று கேட்டால் பெரும்பாலும் "யாருக்குத் தெரியும்" என்ற விடைதான் வரும். நிகழ்ச்சிகளை வைத்துக் கேட்க வேண்டும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம், 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது, 1918இன் விஷக்காய்ச்சல், 1924 ஜூலையில் காவிரியில் வந்த பெருவெள்ளம், 1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாகத் திரும்பி வந்தவர்கள், 1952 நவம்பர் 30இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல், 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது ஆகியவை அந்தந்த வட்டாரத்தில் நல்ல மைல்கற்கள். "வெள்ளம் வந்தபோது அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மூத்த பிள்ளை கைக்குழந்தையா, நடந்துகொண்டிருந்ததா?" என்று கேட்டால் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசத்துக்குள் விடை வந்துவிடும்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். சொன்னவர் யார், அவர் அதை நேரில் கண்டாரா அல்லது தன் தாயிடம் கேட்டாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயரையும் வீட்டுப் பெயரையும் கட்டாயம் கேளுங்கள்; சில பத்திரங்களில் இயற்பெயருக்குப் பின் "என்கிற" என்று போட்டு ஊரார் அழைத்த பெயரையும் எழுதியிருப்பார்கள்.

மூன்றாம் படி: தேதிகளையும் பழைய எழுத்தையும் படிக்கப் பழகுதல்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு ஆவணத்தைக் கையில் எடுத்தால் பாதி விஷயம் புரியாது. பழைய தாள்களில் தேதி மூன்று நான்கு முறைகளில் வரும். தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பிரபவ வருஷம் 1867இலும், 1927இலும், 1987இலும் சித்திரையில் தொடங்கியது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்ற ஆண்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்தச் சுற்று என்பதை மட்டும் வேறு சான்றால் முடிவு செய்ய வேண்டும். வருவாய்த்துறைக் கணக்குகள் பசலி ஆண்டில், அதாவது ஜூலையில் தொடங்கும் வரி ஆண்டில், இருக்கும். பசலியுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். ஆக, பசலி 1334 என்பது 1924 ஜூலை 1 முதல் 1925 ஜூன் 30 வரை. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பகுதியிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. கொல்லம் 1100 என்பது 1924 ஆகஸ்டு நடுவில் தொடங்கியது.

குறியீடுகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ௳ நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ நம்பர். தமிழ் எண்ணில் ௲௯௱௨௰௬ என்று இருந்தால் 1926. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை என்பது பழைய கணக்கு. கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதுவதும், ணை, லை, றா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதுவதும் வழக்கமாக இருந்ததால், முதல் பத்திரத்தை ஊரிலிருக்கும் வயதான பத்திர எழுத்தர் ஒருவருடன் உட்கார்ந்து படிப்பது நல்லது. இரண்டாவது பத்திரத்திலிருந்து உங்களுக்கே ஓட்டம் பிடிபட்டுவிடும், ஏனென்றால் பத்திர வாசகம் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை.

நான்காம் படி: ஊர் எந்த ஆட்சியில் இருந்தது?

இன்றைய மாவட்டப் பெயரை வைத்துப் பழைய ஆவணத்தைத் தேட முடியாது. பெரம்பலூர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தேடலில் வரும். கரூர் 1910 வரை கோயம்புத்தூரிலும் அதன் பின் திருச்சிராப்பள்ளியிலும் வரும். வேலூர் வட ஆர்க்காட்டில் வரும். தருமபுரி சேலத்தில் வரும். இராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910இல்தான். அதற்கு முந்தையவற்றை மதுரையிலும் திருநெல்வேலியிலும் பார்க்க வேண்டும். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தவை. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். காரைக்காலும் பாண்டிச்சேரியும் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததால் அங்கே பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் பிரெஞ்சு முறையில் நடந்தன. ஊர் ரயத்துவாரியா (உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கியது), ஜமீனா, இனாமா (வரி நீக்கியோ குறைத்தோ மானியமாக விடப்பட்டது) என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இது நிலப் பதிவேடுகளுக்குப் போகும்போது தேவைப்படும்.

ஐந்தாம் படி: பிறப்பு இறப்புப் பதிவும் பள்ளிப் பதிவும்

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென 1899இல் ஒரு சட்டம் வந்தது; இன்று நடப்பிலிருப்பது 1969ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். கிராமங்களில் மணியக்காரர் என்றும் முனிசீப் என்றும் அழைக்கப்பட்டவர் இந்தப் பதிவேட்டை எழுதினார். பழைய கிராமப் பதிவேடுகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும். நகராட்சிப் பகுதியானால் நகராட்சியில் இருக்கும். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பெற்றோர் பெயரைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும். இறப்புப் பதிவில் பெயர், வயது, காரணம் ஆகியவை இருக்கும். காரணம் என்ற இடத்தில் "ஜுரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதிலிருந்து எதையும் முடிவு செய்துவிட வேண்டாம். எழுதியவர் மருத்துவர் அல்லர்.

பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தந்தை பெயர், தொழில், சாதி, முன்பு படித்த பள்ளி, விலகிய தேதி ஆகியவை கிடைக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம். வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட வைத்து, தொட்டுவிட்டால் ஐந்து வயது நிரம்பியது என்று தலைமையாசிரியரே ஒரு தேதியைப் போட்ட காலம் அது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குச் சற்று முன் பின்னாகவே பாதி ஊருக்குப் பிறந்த நாள் அமைந்திருப்பதன் காரணம் இதுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி ஒரு வரி: இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்வதுபோல் வீடுவாரியான பழைய கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்து முன்னோரைத் தேடும் வழி இந்தியாவில் இல்லை. அதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம்.

ஆறாம் படி: சார்பதிவாளர் அலுவலகம்

சாதாரண மனிதரின் வாழ்க்கை மிக விரிவாக எழுதப்பட்டிருக்கும் இடம் இதுதான் என்பது என் முடிவு. சென்னை மாகாணத்தில் பத்திரப்பதிவு 1865இல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ள பதிவுச் சட்டம் 1908ஆம் ஆண்டினது. நூறு ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நில விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதால் மிகச் சிறிய கிரயங்கள் விட்டுப்போயிருக்கலாம். மற்றபடி கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, தானம், விடுதலை ஆகிய அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் முதல் புத்தகத்திலும், உயில்கள் மூன்றாம் புத்தகத்திலும், மற்றவை நான்காம் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கும். முதல் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம், நகலும் பெறலாம். உயிலின் நகலை, எழுதியவர் இறந்துவிட்ட பிறகு எவரும் கேட்கலாம்.

தேடும் முறை இது. குடும்பத்துக்கு இன்றும் இருக்கும், அல்லது முன்பு இருந்ததாகத் தெரியும், ஒரு நிலத்தின் சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வில்லங்கச் சான்று, அதாவது அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல், கேட்டு மனு போடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு ஏறத்தாழ 1975 முதலான விவரங்கள் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு அலுவலகத்தில் மனு கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். கிடைக்கும் பத்திரத்தைப் படித்தால், அந்தச் சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் அதிலேயே சொல்லியிருப்பார்கள். அந்த எண்ணைப் பிடித்து முந்தைய பத்திரம், அதிலிருந்து அதற்கும் முந்தையது என்று பின்னோக்கிப் போகலாம். அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், உங்கள் ஊருக்கு இன்றுள்ள அலுவலகம் எந்த ஆண்டு தோன்றியது, அதற்கு முன் ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பழைய வால்யூம்கள் தாய் அலுவலகத்தில் இருக்கக்கூடும்.

1920களின் அடமானக் கடன் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவையும், எழுதிக்கொடுப்பவரின் தந்தை பெயர், சாதி, தொழில், பல நேரம் வயதும் இருக்கும். அடுத்து, கடன் எதற்காக என்பது வரும்: "என் குமாரத்தி கலியாணச் செலவுக்காகவும், சர்க்கார் கிஸ்தி செலுத்துவதற்காகவும், முன் கடன் தீர்ப்பதற்காகவும்" என்பது போல. இந்த விளக்கத்தை எழுதிக்கொடுப்பவர் விரும்பிச் சொல்லவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தைக் குடும்பத் தேவைக்காக மட்டுமே தலைவர் விற்கவோ அடகு வைக்கவோ முடியும் என்ற இந்துச் சட்ட விதி இருந்ததால், பின்னாளில் மகன்கள் வழக்குப் போட்டுவிடக் கூடாதே என்று பணம் கொடுத்தவர் காரணத்தைக் கட்டாயமாக எழுதி வாங்கினார். அவருடைய முன்னெச்சரிக்கையின் பலனாக, ஒரு பெண்ணின் கல்யாணம் எந்த ஆண்டு நடந்தது என்பது நூறு ஆண்டு கழித்து நமக்குக் கிடைக்கிறது. காரணங்கள் சற்று மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அதே காரணத்தால் மகன்களையும் சேர்த்தே எழுதி வாங்குவார்கள். மேஜரானவர்கள் கையெழுத்திடுவார்கள், மைனர்களின் பெயரும் வயதும் வரும். தந்தை இறந்திருந்தால் "மைனர்களுக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று மனைவியின் பெயர் வரும். வேறெந்தப் பதிவேட்டிலும் காணக் கிடைக்காத கொள்ளுப்பாட்டியின் பெயர் பல குடும்பங்களுக்கு இந்த ஒரு தொடரில்தான் கிடைக்கிறது. பெண்களைத் தேடுபவர்கள் சீதன நிலம், தான செட்டில்மெண்டு, விதவையின் ஜீவனாம்சத்துக்காக எழுதிக்கொடுத்த பத்திரம் ஆகியவற்றையும் குறிப்பாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பின்னர் சொத்து விவரத்தில் நான்கு எல்லைகள் வரும். "இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு" என்று எழுதியிருக்கும். பாகம் பிரித்த நிலமானால் பக்கத்து நிலக்காரர் பெரும்பாலும் அண்ணனோ சித்தப்பாவோதான். இறுதியில் கையெழுத்து அல்லது இடது கைப் பெருவிரல் ரேகை, சாட்சிகள், பத்திரம் எழுதியவர். பின்பக்கத்தில் சார்பதிவாளரின் குறிப்பில், ஆளை இன்னார் என்று அடையாளம் காட்டியவர்களின் பெயர். அடையாளம் காட்ட வருபவர் உறவினராகவோ ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார் என்பதால் அந்தப் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தறிவு இருந்ததா, கூட்டெழுத்தில் சரளமாகக் கையெழுத்திட்டாரா, தட்டுத் தடுமாறி எழுதினாரா என்பதைக்கூட அசல் பத்திரம் காட்டிவிடும். அலுவலக நகலில் இது தெரியாது; ஆகவே அசல் எங்கே என்று தேடுவது வீண் வேலை ஆகாது.

ஏழாம் படி: வருவாய்த்துறைப் பதிவேடுகள்

பத்திரம் ஒருவர் வாழ்க்கையில் நடந்த திருப்பங்களைச் சொல்லும். நிலப் பதிவேடு அவர் அங்கே இருந்தார் என்பதைச் சொல்லும். இன்றைய அ-பதிவேட்டில் சர்வே எண், உட்பிரிவு, பழைய எண், நன்செய் புன்செய், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பெயர் ஆகியவை இருக்கும். இணையத்தில் கிடைப்பது பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்குப் பிந்தைய நிலை. அதற்கு முன் போக வேண்டுமானால் யு.டி.ஆர். அ-பதிவேட்டில் பழைய சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்குரிய செட்டில்மெண்டு (நிலத்தை அளந்து தீர்வை நிர்ணயித்த) பதிவேட்டையும் ரீசெட்டில்மெண்டு (தீர்வையைத் திருத்திய) பதிவேட்டையும் கேட்க வேண்டும். ரயத்துவாரி ஊர்களில் ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீர்வை மறுபரிசீலனை செய்யப்பட்டதால், ஒரே நிலத்துக்குத் தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று பெயர்களையும் வெவ்வேறு பதிவேடுகளில் வரிசையாகக் காண முடிகிறது. ஜமீன் ஊர்களில் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசின் செட்டில்மெண்டு நடந்தது. அதற்கு முந்தையவை ஜமீன் அலுவலகக் கணக்குகளில் இருந்தவை, பல தப்பவில்லை.

இனாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இன்னும் பின்னால் போக வழி உண்டு. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில் இனாம்தாரரின் பெயர், வயது, நிலம் யாரிடமிருந்து எப்படி வந்தது ஆகியவை இருக்கின்றன. இனாம் என்றவுடன் கோயிலும் மடமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பூசாரி, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், வெட்டியான் ஆகியோருக்கு ஊழியத்துக்காக விடப்பட்ட சிறு துண்டு நிலங்களும் இவற்றில் அடங்கும். 1860களில் ஒரு கிராமத் தச்சரின் பெயரும் வயதும் எழுதப்பட்ட அரசு ஆவணம் வேறு எங்கும் எளிதில் கிடைக்காது. இவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போகும்போது ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றின் பழைய பெயரும் எழுத்துக்கூட்டலும் கையில் இருக்க வேண்டும்.

நடைமுறைக்கு உதவும் செய்தி ஒன்று. பசலி ஆண்டு முடியும் தறுவாயில், மே, ஜூன் மாதங்களில், வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி என்னும் ஆண்டுக் கணக்குத் தணிக்கை நடக்கும். அப்போது அந்தந்தக் கிராமத்தின் கணக்குகள் தணிக்கைக்காக அங்கே வரும், மனுக்களும் வாங்குவார்கள். பழைய பதிவேட்டு நகல் கேட்க அது நல்ல நேரம். நேரில் கேட்டுக் கிடைக்காதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பலாம். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலுக்குத் தனிநபர் விவரம் என்ற விலக்கு பொருந்தாது என்பதை அந்தச் சட்டத்தின் 8(3) பிரிவைச் சுட்டி எழுதுங்கள். பள்ளிப் பதிவேட்டுக்கும் இது உதவும்.

எட்டாம் படி: நிலமே இல்லாதவர்களைத் தேடுதல்

மேலே சொன்ன பத்திரங்களும் நிலப் பதிவேடுகளும் நிலமுள்ளவர்களுக்குத்தான் முழுமையாகப் பயன்படும். பண்ணையாளாகவும் கூலியாகவும் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். 1892இன் அரசாணையை ஒட்டி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட நிலங்கள், இன்று பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் வழங்குபவை, செட்டில்மெண்டு பதிவேடுகளின் குறிப்புக் கலத்தில் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். நிலம் பின்னர் கைமாறிப் போயிருந்தாலும் முதலில் ஒப்படைக்கப்பட்டவரின் பெயர் அங்கே இருக்கலாம். கிறித்தவரானவர்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு மிகச் சிறந்த ஆதாரம். தாய் தந்தை பெயர், ஞானப்பெற்றோர் பெயர், சில இடங்களில் பழைய பெயரும் இருக்கும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டை எல்லோருமே பார்க்கலாம். வரி கொடுத்த பங்காளிகளின் பெயர் வரிசை ஏறக்குறைய ஒரு வம்சாவளி போலவே அமைந்திருக்கும்.

ஊரில் ஒரு தாளில்கூடப் பெயர் வராத கூலித் தொழிலாளி, கடல் கடந்து போயிருந்தால் உயரமும் மச்சமும் உட்பட எழுதப்பட்டிருப்பார். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதிய கப்பல் பட்டியல்கள் தென்னாப்பிரிக்காவில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. டர்பனிலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் அவற்றைத் தேடலாம். மொரீசியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்களும் அவற்றில் அடக்கம். பிஜிக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கியது 1903இல். அவர்களுக்குரிய குடியேற்றச் சீட்டுகள் சுவாவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இந்தப் பட்டியல்களைப் பெயரால் தேடும்போது வெள்ளைக்கார எழுத்தரின் காதால் யோசிக்க வேண்டும். அவருக்கு ழகரம் ஒருமுறை லகரமாகவும் மறுமுறை ரகரமாகவும் கேட்டது. முதல் எழுத்தான சகரம் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகளில் மாறி மாறி வரும். ககரம் இருவிதமாக வரும். ஊர்ப் பெயர்கள் இன்னும் மோசம். ஆகவே ஜில்லாவையும் தாலுகாவையும் முதலில் பிடித்து, அவற்றில் வரும் எல்லாப் பெயர்களையும் வரிசையாகப் படித்துவிடுவதே பலன் தரும் வழி.

இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் (ஆள் சேர்த்து அழைத்துச் சென்ற மேஸ்திரிகள்) வழியாகப் போனவர்களுக்கு இத்தகைய முழுமையான பட்டியல் இல்லை. இலங்கை சென்றவர்களுக்குத் தோட்டத்தின் செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு), அங்கே பதிவான பிறப்புச் சான்றிதழ், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கேட்டுக் கொடுத்த மனு ஆகியவை ஆதாரங்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்த குடும்பங்களின் வீட்டில் அப்போது பெற்ற கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். அவற்றில் எழுதிய சொந்த ஊரை வைத்துக்கொண்டு இங்கே தேடலைத் தொடங்கலாம்.

ஒன்பதாம் படி: படை, வேலை, வழக்கு

உலகப் போர்களில் இறந்த படைவீரர்களின் விவரத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். பல இந்திய வீரர்களுக்குத் தந்தை பெயரும் ஊரும் தரப்பட்டுள்ளன. ரயில்வேயிலோ அரசிலோ வேலை பார்த்தவர்களுக்குப் பணிப்பதிவேடும் ஓய்வூதியப் புத்தகமும் உண்டு. வாரிசு விவரத்துக்கு அதைவிடத் தெளிவான தாள் இல்லை. சொத்து வழக்கு நடந்ததாகக் குடும்பத்தில் பேச்சு இருந்தால், அந்த வழக்கின் எண்ணையும் ஆண்டையும் எப்படியாவது கண்டுபிடியுங்கள். பாகப்பிரிவினை வழக்கின் பிராதில் (வழக்குத் தொடுத்தவரின் மனுவில்) பொதுவாக ஒரு வம்சாவளியே வரைந்து இணைத்திருப்பார்கள், எதிர்த்தரப்பு அதைப் பிழை என்று மறுத்தும் இருப்பார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்ல பாடம்.

பத்தாம் படி: கிடைத்ததைக் கோர்த்தல்

ஆண்டு வரிசையில் ஓர் அட்டவணை போடுங்கள்: ஆண்டு, நிகழ்ச்சி, எந்த ஆவணம், அதில் தகவல் சொன்னவர் யார். இரண்டு ஆவணங்கள் முரண்படும்போது எது பழையது என்று மட்டும் பார்க்காமல், சொன்னவருக்குப் பொய் சொல்லவோ தோராயமாகச் சொல்லவோ காரணம் இருந்ததா என்று பாருங்கள். பிறப்புக்கு ஜாதகம் முதலில் வரும். பள்ளிப் பதிவேடு அதற்குப் பிறகுதான். பத்திரத்தில் வரும் வயது 30, 35, 40 என்று முழு எண்ணாக இருந்தால் முன்பின் ஐந்து ஆண்டு தள்ளுபடி கொடுங்கள். தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போய், நிலமோ மனைவியோ சகோதரரோ என்று மூன்றாவதாக ஒன்றும் ஒத்துப்போகும் வரை, பெயர் பொருந்தியவரை உங்கள் முன்னோர் என்று எழுத வேண்டாம், கேள்விக்குறியோடு வைத்திருங்கள்.

இரண்டாவது மனைவி, எவரும் பேசாத தத்து, கடனில் போன வீடு, சேர்க்காமல் விட்ட மகள் ஆகியவை தேடலில் நிச்சயம் வெளிவரும். உயிரோடிருப்பவர்களின் உரிமையைத் தொடும் செய்தியானால், அதைக் குடும்ப வாட்சப் குழுவில் போடுவதற்கு முன் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசிவிடுங்கள். பழைய பட்டா நகலைப் பார்த்தவுடன் நிலத்துக்கு உரிமை கேட்கக் கிளம்பும் உறவினர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. வரலாற்றுத் தேடலையும் சொத்துக் கோரிக்கையையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வைத்தால்தான் பங்காளிகள் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள்.

அசல் தாள்களை லேமினேஷன் செய்ய வேண்டாம். ஒட்டு நாடாவும் வேண்டாம். அமிலமில்லாத தாளுறையில், மடிப்பை விரித்து, தட்டையாக வையுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படமெடுத்து, ஆண்டு, ஆவண வகை, ஊர் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயரிட்டு, ஒரு பிரதியைக் குறைந்தது இரண்டு பங்காளி வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் இன்னொரு பத்திரம் வெளியே வருவது பெரும்பாலும் இந்தப் பிரதியைப் பார்த்த பிறகுதான்.